மூச்சுக்குழாய்ச் சுவரில் புற்று எதுவரை போயிருக்கிறது? நோயாளியோடு கூட நிற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நுரையீரலில் கட்டி என்று டொக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் கேட்பது "எவ்வளவு பெரிசு?" என்றுதான். இரண்டு சென்ரிமீற்றர் என்றால் கொஞ்சம் ஆறுதல், ஆறு என்றால் அழுகை. கட்டி நுரையீரலின் ஓரத்தில் இருந்தால் அந்தக் கேள்வி பெரும்பாலும் சரிதான். ஆனால் நடுவில், பெரிய மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கிற கட்டிக்கு அளவு மட்டும் போதாது. அது குழாயின் சுவருக்குள் இறங்கியிருக்கிறதா? இறங்கியிருந்தால் எவ்வளவு ஆழம்? சுவர் வழியே மேலே எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது? சத்திரசிகிச்சை செய்யலாமா, ஒரு மடலை (நுரையீரலின் ஒரு பகுதியை) மட்டும் எடுத்தால் போதுமா, அந்தப் பக்க நுரையீரல் முழுவதையும் எடுக்க வேண்டுமா என்பதெல்லாம் இந்த விடைகளில்தான் தங்கியிருக்கின்றன.

நான் மட்டக்களப்பில் மார்பு நோயாளர்களோடு வேலை செய்பவள். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற மகனிடமோ மருமகளிடமோ தடித்த ஃபைல் ஒன்று இருக்கும். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில ரிப்போட். டொக்டர் ரவுண்ட் வரும்போது "நல்லா வருமா டொக்டர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிற்பார்கள். வாழைச்சேனையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ பஸ் ஏறி வந்து, அந்த ஒரு கேள்வியோடு திரும்பிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ரிப்போட்டை நீங்களே படித்து முடிவெடுக்க வேண்டாம். எந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் ஒரு தாளில் குழாயை வரையுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் நேர்க்குழாய் ஒன்றை வரைந்து, கீழே இரண்டாகப் பிரியுங்கள். மேலே இருப்பது மூச்சுக்குழாய், வளர்ந்தவர்களுக்கு 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளம். அது இரண்டாகப் பிரிகிற இடத்தில் உள்ளே ஒரு மெல்லிய மேடு இருக்கும். அதற்குக் கரைனா என்று பெயர். இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ரிப்போட்டில் திரும்பத் திரும்ப வரும். அங்கிருந்து வலது பக்கம் போகிற பெரிய கிளை கட்டையானது, சுமார் இரண்டரை சென்ரிமீற்றர். இடது கிளை சுமார் ஐந்து. வலதில் மூன்று மடல், இடதில் இரண்டு. நோயாளி உங்களைப் பார்த்து நிற்பது போல வரையுங்கள். அப்போது அவருடைய வலது உங்களுக்கு இடப்பக்கம் வரும். எக்ஸ்ரே படத்தையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

வலது கிளை கட்டையாக இருப்பதால், வலது மேல் மடலின் வாயில் தொடங்கும் கட்டிக்குக் கரைனா கிட்டத்தான் இருக்கிறது. ஒரே அளவுக் கட்டி இடது மேல் மடலில் இருந்தால் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் கிடைக்கும். ஒரே அளவு என்று ரிப்போட்டில் இருந்தும் பக்கத்துக் கட்டில் நோயாளிக்கு வேறு முடிவு சொல்லப்படுவது ஏன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அந்தக் குழாயின் சுவர். பெரிய கிளைகளில்கூட அதன் தடிப்பு ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான், ஆனால் அதற்குள் பல அடுக்குகள். உள்ளே காற்றுப் படுகிற மெல்லிய தோல். அதற்குக் கீழே சளிச் சுரப்பிகளும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடுகிற மென்மையான அடுக்கு. பிறகு தசை. அதற்கு வெளியே குருத்தெலும்பு வளையம், அதையும் தாண்டி வெளியுறை. மூச்சுக்குழாயிலும் பெரிய கிளைகளிலும் குருத்தெலும்பு பின்பக்கம் மூடுவதில்லை, அங்கே தசையும் சவ்வும் மட்டும்.

புற்று இந்தச் சுவரில் மூன்று வழியாகப் பரவும். உள்தோல் மேலேயே படர்ந்து போகலாம். உள்தோலுக்குக் கீழே நிணநீர்க் குழாய் வழியாக ஊர்ந்து போகலாம். அல்லது வெளியே இருக்கிற கட்டியோ நெறிக்கட்டியோ (நிணநீர் முடிச்சோ) சுவரை அழுத்தி, அரித்து, உள்ளே வரலாம். இரண்டாவது வழிதான் ஏமாற்றுவது. மாரி காலத்தில் வீட்டுச் சுவரில் ஈரம் ஏறும்போது பெயின்ட் கையளவு இடத்தில்தான் உரிந்திருக்கும், பூச்சுக்குள்ளே ஈரம் இரண்டு முழம் தள்ளிப் போயிருக்கும். குழாய்க்குள் கமரா விட்டுப் பார்த்தால் சுத்தமாகத் தெரிகிற இடத்திலும் உள்ளே நோய் இருக்கலாம் என்பதால்தான், "கண்ணால் பார்த்தாயிற்று, போதும்" என்று டொக்டர்கள் விடுவதில்லை.

இந்தத் தாளை ஃபைலின் முன்பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு ரிப்போட் வரும்போதும் அதில் சொல்லியிருக்கிற இடத்தைப் பென்சிலால் குறியுங்கள்.

இருமலில் இருந்து தொடங்குவது

மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கிற இருமல், சளியில் இரத்தம், ஒரு பக்கத்தில் மட்டும் கேட்கிற விசில் சத்தம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிற நியூமோனியா, காரணமில்லாமல் அடைத்த குரல். பெரிய குழாயில் நோய் இருப்பவர்களிடம் இவைதான் முன்னுக்கு வரும். ஒரு பக்க விசிலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். முட்டு (ஆஸ்துமா) என்று நினைத்து பம்ப் பாவித்துக்கொண்டே மாதக்கணக்கில் போகிறவர்கள் உண்டு. அறுபது வயதில், சுருட்டோ பீடியோ பிடித்த ஒருவருக்குப் புதிதாக முட்டு வந்தால், எக்ஸ்ரே எடுக்காமல் விடக்கூடாது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் வெற்றிலை. நாள் முழுக்க வாய் சிவந்திருப்பவருக்குச் சளியில் இரத்தம் வந்தால் அவருக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது. சந்தேகம் இருந்தால் இப்படிச் செய்யுங்கள்: காலையில் எழுந்ததும், வெற்றிலை போட முதல், வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லி, ஆழமாக இருமி வெள்ளைத் துணியிலோ டிஷ்யூவிலோ துப்பச் சொல்லுங்கள். சளியோடு சிவப்புக் கீற்றோ பழுப்புத் துளியோ கலந்திருந்தால் ஃபோனில் படம் எடுத்து டொக்டரிடம் காட்டுங்கள்.

காசநோயை முதலில் தேடுவார்கள். அதைக் கேட்டு யாரும் கோபிக்க வேண்டாம். காசநோயும் மூச்சுக்குழாய்ச் சுவரில் புண்ணும் வீக்கமும் உண்டாக்கும், கமராவில் புற்றுப் போலவே தெரியும். இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு. மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். சளி கேட்டால் எச்சிலைக் கொடுக்காமல், நெஞ்சிலிருந்து வருவதைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சி.டி. ஸ்கேன்: எதைக் காட்டும், எதைக் காட்டாது

எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் அடுத்தது மருந்து ஏற்றி எடுக்கிற சி.டி. ஸ்கேன். முடிந்தவரை கமராப் பரிசோதனைக்கு முன்பே இது எடுக்கப்பட வேண்டும். எந்தக் கிளைக்குள் போவது, எந்த இடத்தில் பெரிய இரத்தக் குழாய் ஒட்டியிருக்கிறது, எங்கே பயொப்சி (பரிசோதனைக்கான திசுத் துண்டு) எடுப்பது என்பதையெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டு உள்ளே போகலாம். நோயாளிக்குச் சிறுநீரகப் பிரச்சினையோ நீரிழிவோ இருந்தால், மெட்ஃபோமின் குளிசை போடுகிறவராக இருந்தால், ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சி.டி. ரிப்போட்டில் சுவர் பற்றி நீங்கள் தேட வேண்டிய சொற்கள் சிலதான்: சுவர் தடிப்பைச் சொல்கிற 'ப்ரொங்கியல் வோல் திக்கெனிங்', குழாய் ஒடுங்கியதைச் சொல்கிற 'நரோயிங்', திடீரென்று முடிந்துபோவதைச் சொல்கிற 'கட் ஓஃப்', மடல் சுருங்கியதைச் சொல்கிற 'கொலப்ஸ்'. கரைனாவிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் என்று எழுதியிருந்தால் உடனே தாளில் குறியுங்கள்.

ஆனால் சி.டி.யை அளவுக்கு மிஞ்சி நம்ப வேண்டாம். வெளியிலிருந்து கட்டி குழாயை அழுத்துகிறதா, சுவருக்குள்ளேயே புகுந்துவிட்டதா என்று பிரித்துச் சொல்வதில் அது பலவீனமானது. ஜேர்மன் மருத்துவர்கள் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்த ஒரு கேள்விக்கு சி.டி. சரியான விடை சொன்னது நூற்றுக்கு 51 பேரில்தான். ஸ்கோப் (கமராக் குழாய்) வழியாகச் செய்த அல்ட்ராசவுண்ட் 94 பேரில் சரியாகச் சொன்னது. சி.டி.யை மட்டும் பார்த்து "குழாயில் ஏறிவிட்டது, இனி ஒப்பரேஷன் இல்லை" என்று யாராவது சொன்னால், "ஸ்கோப் பார்த்து உறுதிப்படுத்த முடியுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். அழுத்தம் மட்டும்தான் என்று பிறகு தெரிய வருவது உண்டு.

படத்தின் சீடியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ரிப்போட் தாள் மட்டும் போதாது. மெல்லிய வெட்டுகளாக எடுத்த படங்கள் சீடியில்தான் இருக்கும், சத்திரசிகிச்சை நிபுணர் அதைத்தான் பார்ப்பார்.

பிரொங்கொஸ்கொப்பிக்குத் தயாராவது

சின்ன விரல் மொத்தத்துக்கும் குறைவான வளைகிற குழாய் ஒன்றை மூக்கு அல்லது வாய் வழியாக உள்ளே விட்டுப் பார்ப்பதுதான் பிரொங்கொஸ்கொப்பி. இந்த வளையும் கருவியை 1960களில் ஜப்பானில் ஷிகெதோ இக்கெடா உருவாக்கினார். அதற்கு முன்பு நேரான இரும்புக் குழாய்தான்.

எங்கே செய்வது என்பது உங்கள் டொக்டர் அனுப்புவதைப் பொறுத்தது. வெலிசறையில் உள்ள தேசிய சுவாச நோய் வைத்தியசாலைக்கு அனுப்பினால், ரயிலில் போகிறவர்கள் கொழும்புக் கோட்டை வரை போய்த் திரும்பத் தேவையில்லை. மட்டக்களப்பு ரயில் ராகமை வழியாகத்தான் போகிறது. அங்கே நிற்கிற ரயில் என்றால் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். கடிதம், சீடி, இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், போடுகிற குளிசைகளின் அட்டை, எல்லாவற்றையும் ஒரே பையில் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நோயாளியிடம் கொடுக்காதீர்கள்.

இரத்தத்தை ஐதாக்கும் மருந்து பற்றிக் கட்டாயம் முன்கூட்டியே பேச வேண்டும். குளோபிடோகிரல் போடுகிறவர்களுக்குப் பொதுவாக ஏழு நாள் முன்பும், வோபரின் போடுகிறவர்களுக்கு ஐந்து நாள் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோகிரலைத் தானாக நிறுத்தினால் அதனாலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். இதய டொக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டு, எழுதி வாங்கி வாருங்கள்.

முந்திய இரவிலிருந்து வெற்றிலை வேண்டாம். சோறோ பாணோ சாப்பிட்டால் ஆறு மணித்தியாலம் கழிய வேண்டும் என்று பல இடங்களில் சொல்வார்கள், உங்கள் வாட்டில் சொல்கிற நேரத்தைப் பின்பற்றுங்கள். இன்சுலின் போடுகிறவர் அன்று காலை என்ன செய்வது என்று முதல் நாளே கேளுங்கள். பொய்ப்பல் இருந்தால் கழற்ற வேண்டும், ஆடுகிற பல் இருந்தால் சொல்ல வேண்டும்.

தொண்டைக்கு விறைப்பு மருந்து அடிப்பார்கள், அது கசக்கும். உள்ளே போகும்போது இருமல் வரும், மூச்சு முட்டுவது போல இருக்கும், ஆனால் மூச்சுக்கு வழி இருக்கிறது, ஒட்சிசனும் போகிறது. இதை நோயாளியிடம் முன்பே சொல்லி வையுங்கள். தெரிந்துகொண்டு போகிறவர்கள் அமைதியாக ஒத்துழைக்கிறார்கள், டொக்டருக்கும் கரைனாவை நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

முடிந்தபின் விறைப்புப் போகும் வரை, சுமார் இரண்டு மணித்தியாலம், தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. பிறகு முதலில் ஒரு மிடறு தண்ணீர், புரையேறாவிட்டால் மற்றது. மயக்க மருந்து போட்டிருந்தால் அடுத்த நாள் வரை மோட்டார் சைக்கிள் ஓட விடாதீர்கள். சளியில் கீற்று இரத்தமும் அன்றிரவு லேசான காய்ச்சலும் வரலாம். கரண்டிக் கணக்கில் இரத்தம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நிறைய இரத்தம் வரும்போது, நோய் இருக்கிற பக்கம் கீழே இருக்கும்படி சரித்துப் படுக்க வையுங்கள். நல்ல நுரையீரலுக்குள் இரத்தம் இறங்காமல் இருக்க அது உதவும்.

உள்ளே டொக்டர் என்ன பார்க்கிறார்

நோயற்ற குழாயின் உள்பக்கம் வெளிறிய இளஞ்சிவப்பு, ஈரமாக மினுங்கும். தோலுக்குக் கீழே குருத்தெலும்பு வளையங்கள் வெள்ளையாக, ஒன்றன் பின் ஒன்றாக எண்ணக்கூடியபடி தெரியும். பின்சுவரில் நீளவாக்கில் மெல்லிய மடிப்புகள் ஓடும். கரைனா கத்தி முனை மாதிரிக் கூராக இருக்கும், மூச்சு விடும்போதும் இருமும்போதும் அசையும்.

நோய் ஏறும்போது இந்த ஒழுங்கு குலையத் தொடங்குகிறது. கட்டியாகத் துருத்திக்கொண்டு நிற்பதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். அனுபவமுள்ள கண் தேடுவது அதைச் சுற்றியிருப்பதை: வளையங்களின் விளிம்பு எந்த இடத்தில் மங்கத் தொடங்குகிறது, மடிப்புகள் எங்கே மறைகின்றன, தோல் எங்கே சொரசொரப்பாகிறது, எங்கே நுண்ணிய இரத்தக் குழாய்கள் வளைந்து நெளிந்து பெருகியிருக்கின்றன, தொட்டால் எங்கே உடனே இரத்தம் கசிகிறது. உள்தோலிலேயே படர்கிற வகை பெரும்பாலும் சொரசொரப்பாகவும் சிறு மணிகளாகவும் தெரியும். உள்தோலுக்குக் கீழே ஊர்கிறபோது மேற்பரப்பு வழுவழுப்பாகவே இருக்கலாம், ஆனால் வளையங்கள் மறைந்து சுவர் வீங்கித் தடித்திருக்கும். வெளியிலிருந்து அழுத்தம் மட்டும் என்றால் குழாய் ஒடுங்கியிருந்தாலும் தோலின் ஒழுங்கு அப்படியே இருக்கும். கரைனா கூர்மை இழந்து அகன்று, அசையாமல் நின்றால், அதற்குக் கீழே நெறிக்கட்டி வீங்கியிருக்கலாம் அல்லது நோய் அங்கே வந்திருக்கலாம்.

ரிப்போட்டில் இவை 'மியூக்கோசல் இரெகுலாரிட்டி', 'இன்ஃபில்ட்ரேஷன்', 'எக்ஸ்ட்ரின்சிக் கம்ப்ரெஷன்', 'வைடன்ட் கரைனா' என்று வரும். எக்ஸ்ட்ரின்சிக் என்றால் வெளியிலிருந்து, இன்ஃபில்ட்ரேஷன் என்றால் சுவருக்குள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் கேள்வி இப்படி இருக்கட்டும்: "டொக்டர், கண்ணுக்குத் தெரிகிற நோயின் மேல் விளிம்பு எங்கே? அதிலிருந்து கரைனாவுக்கு எவ்வளவு தூரம்?" இதற்கு விடை கிடைத்தால் தாளில் ஒரு கோடு போடலாம். அந்தக் கோடுதான் இனி வரும் எல்லாப் பேச்சுக்கும் ஆதாரம்.

சில இடங்களில் சாதாரண வெள்ளை ஒளியோடு நீலமும் பச்சையும் கலந்த குறுகிய ஒளியையும் பாவிப்பார்கள். உள்தோலின் இரத்தக் குழாய்கள் அதில் தெளிவாகத் தெரிவதால் நோயின் விளிம்பைப் பிடிக்க உதவும்.

போத்தல்களைப் பாருங்கள்

கண்ணால் பார்ப்பது ஊகம். பயொப்சிதான் சாட்சி. கட்டி தெரிகிறது என்றால் அதிலிருந்து குறைந்தது ஐந்து துண்டு எடுக்க வேண்டும் என்று பிரித்தானிய மார்பு நோய் மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. ஒன்றிரண்டு துண்டில் செத்த திசு மட்டும் வந்து, "தெளிவில்லை, திரும்ப எடுக்கவும்" என்று ரிப்போட் வருவதைத் தவிர்க்கத்தான் இது. இன்னொரு தரம் கல்முனையிலிருந்து கிளம்பிப் போவது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பாரம் என்பது அனுப்புகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சுவர் வழியே எவ்வளவு தூரம் என்று அறிய, கட்டியிலிருந்து மட்டும் எடுத்தால் போதாது. கட்டிக்கு மேலே சுத்தமாகத் தெரிகிற இடத்திலிருந்தும், தேவையானால் கரைனாவிலிருந்தும் தனியாக எடுப்பார்கள். சுத்தமான இடத்தில் முதலில் எடுத்து, கட்டியில் கடைசியாக எடுப்பதுதான் முறை. மாற்றி எடுத்தால் கட்டியின் கலங்கள் கருவியில் ஒட்டிப்போய், நோயில்லாத இடத்திலும் நோய் இருப்பதாக ரிப்போட் வரக்கூடும்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு போத்தல். இதை நான் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் பல வேளைகளில் போத்தலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது வீட்டாராகவே இருக்கிறீர்கள். கையில் வாங்கியதும் லேபலைப் பாருங்கள். பெயர், வயது, வாட் இலக்கம் சரியா? எந்த இடத்துத் துண்டு என்று எழுதியிருக்கிறதா? இரண்டு போத்தல் இருந்து இரண்டிலும் ஒரே பெயரும் 'பயொப்சி' என்ற சொல்லும் மட்டும் இருந்தால், அங்கேயே நின்று "இது எந்த இடத்துத் துண்டு மிஸ்ஸி?" என்று கேளுங்கள். கரைனாத் துண்டும் கட்டித் துண்டும் மாறினால், செய்யக்கூடிய சத்திரசிகிச்சை கைவிட்டுப் போகும், அல்லது செய்யக்கூடாதது நடக்கும்.

புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போகிற துண்டு போர்மலினில் இருக்க வேண்டும். காசநோய்க் கிருமி வளர்க்கப் போகிறதைப் போர்மலினில் போடக் கூடாது, கிருமி செத்துவிடும். அதற்குச் சேலைன் போத்தல். போத்தலை நிமிர்த்தியே பிடியுங்கள், வெயிலில் ஓட்டோ சீட்டில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள்.

ஆழம் அறிய

கமரா மேற்பரப்பைத்தான் பார்க்கும். ஆழத்துக்கு ஸ்கோப் வழியாக விடுகிற அல்ட்ராசவுண்ட் உண்டு, ஈபஸ் என்பார்கள். அதில் இரண்டு வகை. ஒன்று குழாயைச் சுற்றிச் சுழன்று, 20 மெகாஹேர்ட்ஸ் அலையில் சுவரின் அடுக்குகளை வளையங்களாகக் காட்டும். ஜப்பானின் குரிமோட்டோ குழுவினர் 1999இல், குருத்தெலும்பு உள்ள இடத்தில் சுவர் ஐந்து அடுக்காகவும் பின்சுவரில் மூன்று அடுக்காகவும் தெரியும் என்று, வெட்டி எடுத்த திசுவோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். எந்த அடுக்கு உடைந்திருக்கிறதோ அதுவரை புற்று போயிருக்கிறது. மற்றது நெறிக்கட்டியில் ஊசி குத்தி எடுக்கிற வகை. "ஈபஸ் செய்தாயிற்று" என்று சொன்னால் எந்த வகை என்று கேளுங்கள். பெரும்பாலும் செய்திருப்பது இரண்டாவதாக இருக்கும், அது நெறிக்கட்டிக்கான விடை, சுவருக்கானது அல்ல.

முதல் வகை எல்லோருக்கும் தேவைப்படாது. முக்கியமாக, நோய் மிக ஆரம்பத்தில் இருந்து, உள்ளே ஒளி பாய்ச்சியோ வேறு வழியாலோ சத்திரசிகிச்சை இல்லாமல் அழிக்கலாமா என்று யோசிக்கும்போது அது வேண்டும். அந்தச் சிகிச்சைகளுக்கு நோய் குருத்தெலும்பைத் தாண்டியிருக்கக் கூடாது. பெட் ஸ்கேன் இந்த இடத்தில் உதவாது. உள்தோலில் மெல்லியதாகப் படர்ந்த நோய் அதில் ஒளிராமலே போகலாம். தூரத்துப் பரவலைத் தேடத்தான் பெட்.

ரிப்போட்டில் வரும் 'டி' எண்

பயொப்சி, ஸ்கேன் எல்லாம் சேர்ந்தபின் ஒரு நிலை சொல்வார்கள். அதில் டி என்பது கட்டி, என் என்பது நெறிக்கட்டி, எம் என்பது தூரப் பரவல். சுவரைப் பொறுத்தவரை டி எண் இப்படிப் போகும். நோய் பெரிய கிளையின் சுவருக்குள் வந்திருந்தாலும் கரைனாவைத் தொடவில்லை என்றால், அதனால் மட்டும் அது டி2தான். கரைனாவையோ மூச்சுக்குழாயையோ தொட்டுவிட்டால் டி4. முன்பு கரைனாவிலிருந்து 2 சென்ரிமீற்றருக்குள் வந்தாலே டி3 என்று வைத்திருந்தார்கள். 2017இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். 2025இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலும் டி பகுதி மாறவில்லை. இணையத்தில் பழைய அட்டவணையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. புற்று உள்தோலிலும் சுவருக்குள்ளும் மட்டும் மெல்லியதாகப் படர்ந்திருந்தால், அது எவ்வளவு நீளமாக இருந்தாலும், பெரிய கிளை வரை போயிருந்தாலும், டி1ஏ என்ற ஆரம்பப் படியில்தான் சேரும். இது அரிது, ஆனால் அளவைப் பார்த்து மட்டும் முடிவு கட்டக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

எந்த வகைப் புற்று என்பதையும் கேளுங்கள். ஸ்குவாமஸ் வகை பெரும்பாலும் பெரிய குழாய்களில், உள்தோலோடு படரும். அடெனோ வகை ஓரத்தில் தொடங்குவது அதிகம், குழாய்க்கு வந்தால் தோலுக்கு வெளிப்புறமாக ஊர்ந்து வரும். சிறுகலப் புற்று என்றால் இந்தச் சுவர்க் கணக்கே பெரிதாகத் தேவைப்படாது, ஏனென்றால் அதற்கு மருந்தும் கதிரும்தான் பிரதான சிகிச்சை. அது அதிவேகமாக வளர்வது, ஆகவே அங்கே நாளைக் கடத்தாமல் சிகிச்சை தொடங்குவதுதான் முக்கியம்.

சத்திரசிகிச்சை நிபுணரிடம்

இப்போது உங்கள் தாளை எடுத்துக் காட்டுங்கள். "வாப்பாவுக்குச் சுவரில இதுவரைக்கும் ஏறியிருக்கு என்று சொன்னாங்க டொக்டர், எந்த இடத்தில வெட்டுவீங்க?" என்று கேட்டால் எந்த நிபுணரும் பேனாவை எடுத்து வரைந்து காட்டுவார். மடலை மட்டும் எடுப்பதா, முழுப் பக்கத்தையும் எடுப்பதா, அல்லது நோயுள்ள வளையத் துண்டை வெட்டிவிட்டுக் கீழ்க்குழாயை மேல்குழாயோடு பொருத்தித் தைப்பதா? கடைசியாகச் சொன்னதை ஸ்லீவ் என்பார்கள். பிரித்தானிய சத்திரசிகிச்சை நிபுணர் கிளெமென்ட் பிரைஸ் தோமஸ் 1947இல் முதன்முதலில் செய்தது. முழு நுரையீரலை இழக்காமல் காப்பாற்றுகிற வழி இது, முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

மூச்சுப் பலப் பரிசோதனையும் இதோடு சேர்ந்தது. ஒரு வினாடியில் ஊதி வெளியேற்றுகிற காற்று ஒன்றரை லீற்றருக்கு மேல் இருந்தால் மடலை எடுக்கவும், இரண்டு லீற்றருக்கு மேல் இருந்தால் முழுப் பக்கத்தை எடுக்கவும் பொதுவாக யோசிப்பார்கள். அதற்குக் குறைந்தால் மேலும் பரிசோதிப்பார்கள், உடனே கைவிட மாட்டார்கள். புகைப்பதை அன்றே நிறுத்த வேண்டும், ஒப்பரேஷன் திகதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஒப்பரேஷன் நடக்கும்போதே வெட்டிய குழாயின் விளிம்பை உறைய வைத்து மெல்லியதாகச் சீவி நுண்காட்டியில் பார்ப்பதுண்டு. விளிம்பில் புற்று இருந்தால் இன்னும் கொஞ்சம் மேலே வெட்டுவார்கள். சில நாள் அல்லது வாரம் கழித்து முழு ரிப்போட் வரும். அதில் 'ப்ரொங்கியல் மார்ஜின்' என்ற வரியைத் தேடுங்கள். ஆர்0 என்றால் விளிம்பு சுத்தம். ஆர்1 என்றால் நுண்காட்டியில் மட்டும் தெரிகிற நோய் மிச்சம். ஆர்1 என்பதோடு 'இன் சிட்டு' என்று சேர்த்திருந்தால், விளிம்பில் இருப்பது உள்தோலைத் தாண்டாத ஆரம்ப மாற்றம் மட்டும், அதன் போக்கு வேறு. ஆர்1 என்று கண்டால் "விளிம்பில் எந்த அடுக்கில், டொக்டர்?" என்று கேளுங்கள். கதிர்ச் சிகிச்சையா, மீண்டும் சத்திரசிகிச்சையா, பொறுத்துப் பார்ப்பதா என்பது அந்த விடையோடு போகும்.

அதன் பிறகு

வெட்டித் தைத்த இடத்தில் நோய் திரும்ப வரக்கூடும். அதனால் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்ப்பார்கள், சந்தேகம் இருந்தால் திரும்ப ஸ்கோப் போடுவார்கள். கிளினிக் திகதியைத் தவறவிட வேண்டாம், வயல் வேலையோ கல்யாண வீடோ இருந்தாலும். இடையில் இருமல் மாறினால், புதிதாக விசில் சத்தம் கேட்டால், ஒரு துளி இரத்தம் வந்தாலும், அடுத்த திகதி வரை பொறுக்காமல் வாருங்கள். நோயியல் ஆய்வுகூடத்தில் உங்கள் ஆளின் திசு மெழுகுக் கட்டியாகப் பாதுகாக்கப்பட்டிருக்கும். பின்னர் மாற்றுப் பரிசோதனை தேவைப்பட்டால் டொக்டரின் கடிதத்தோடு அதைக் கேட்டு வாங்கலாம், ஆகவே ரிப்போட்டின் மேல் மூலையில் இருக்கிற ஆய்வுகூட இலக்கத்தைத் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.